கணையத்துல வீக்கம்னு சேர்த்தோம், இப்ப இன்ஃபெக்ஷன் நெஞ்சுலங்கிறாங்களே, ஏன்?

பர்மாவுல மோல்மீன்லேருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அவங்க அண்ணனுக்கு வயசு 44, சுகர் உண்டு, பித்தப்பையில கல்லு. அதனால கணையம் வீங்கி, வயித்துவலி தாங்காம ரங்கூனுக்குக் கொண்டாந்து ஐசியூவுல சேர்த்து இன்னைக்கு ஒன்பதாவது நாள். மொத மூணு நாள் காய்ச்சல் இருந்துச்சாம், அப்புறம் எறங்கிடுச்சாம், நேத்துலேருந்து திரும்பவும் 102, கூடவே குளிர் நடுக்கம். டாக்டர் "கணையத்துல சீழ் இப்போதைக்கு தெரியல, நெஞ்சுல நிமோனியா மாதிரி இருக்கு, ரத்தத்துலயும் கிருமி இருக்கலாம், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம்"னு சொல்லியிருக்கார். வீட்டுல மாமா "மொத நாள்லயே பவர்ஃபுல் ஆன்டிபயாடிக் போட்டிருந்தா இது வந்திருக்குமா"ன்னு சத்தம் போடுறாராம். வயித்துல வந்த வியாதிக்கு நெஞ்சுல எப்படி இன்ஃபெக்ஷன் வரும், இது யார் தப்பு, நாங்க என்ன செய்யணும்னு கேட்டிருக்காங்க.

தங்கச்சி, நான் பெகுவுல பொறந்து ரங்கூன்ல டாக்டருக்குப் படிச்சவ, சர்ஜரி வார்டு ஐசியூன்னு இருபது வருஷத்துக்கு மேல இந்த மாதிரி ஆளுங்களைப் பார்த்திருக்கேன். உங்க அண்ணனைப் பரிசோதிக்காம அவருக்கு இதுதான்னு என்னால சொல்ல முடியாது, ஆனா நீங்க எழுதியிருக்கிற வரிசை இருக்கே, மொத வாரம் ஒரு காய்ச்சல், அது அடங்கி ஏழு எட்டு ஒன்பதாவது நாள்ல இன்னொரு காய்ச்சல், அது இந்த வியாதியில அடிக்கடி பார்க்கிற வரிசைதான். அதனால அந்த டாக்டர் சொன்னதை நம்பலாம், சும்மா சமாளிக்கிறதுக்காக சொன்ன பேச்சு இல்ல அது.

மொத காய்ச்சலை எடுத்துக்குவோம். நாம சாப்பிடுற கொழுப்பு, மாவு, கறி எல்லாத்தையும் கரைக்கிற ஜூஸ் கணையத்துலதான் ஊறுது. கல்லு கீழ எறங்கி வாசல்ல அடைச்சுக்கிட்டா அந்த ஜூஸ் உள்ளுக்குள்ளேயே வேலையை ஆரம்பிச்சு கணையத்தையே அரிக்க ஆரம்பிச்சுடும். வயித்துக்குள்ள கொதிக்கிற எண்ணெயைக் கொட்டின மாதிரின்னு வச்சுக்கங்க. தீப்பட்ட ஆளுக்கு எப்படி உடம்பு கொதிக்குமோ அப்படியே இதுலயும் காய்ச்சல் வரும், நாடி ஓடும், மூச்சு வாங்கும், ரத்தத்துல வெள்ளை அணு ஏறும், வீக்கத்தைக் காட்டுற சிஆர்பிங்கிற அளவும் ஏறும், இத்தனைக்கும் ஒரு கிருமி கூட இருக்காது. இடது பக்கம் நெஞ்சுல தண்ணி கூட கோத்துக்கும், எக்ஸ்ரேயில அதைப் பார்த்துட்டு நிமோனியான்னு பயந்துடுவோம், அதுவும் பல தடவை வெறும் வீக்கத்தால வந்த தண்ணியாத்தான் இருக்கும். அதனாலதான் மொத வாரத்துல காய்ச்சலை மட்டும் பார்த்து இன்ஃபெக்ஷன்னு முடிவு பண்ண முடியாது, புரோகால்சிடோனின்னு ஒரு ரத்த டெஸ்ட் ஓரளவு கை கொடுக்கும், எல்லா ஆஸ்பத்திரியிலயும் அது கிடைக்காது.

ரெண்டாவது காய்ச்சல் வேற கதை. மொத வாரம் பூரா அந்த நெருப்போட போராடின உடம்பு அப்புறம் சோர்ந்து போயிடும், எதிர்ப்பு சக்தி படுத்துடும். அந்த நேரத்துல கிருமி எந்த வாசல் தொறந்திருக்கோ அதுல நுழைஞ்சுடும், அண்ணன் மாதிரி ஐசியூவுல படுத்திருக்கிறவங்களுக்கு எத்தனை வாசல் தொறந்திருக்குன்னு எண்ணிப் பாருங்க: மருந்து ஏத்த கழுத்து ரத்தக்குழாய்ல ஒரு குழாய், கையில ஒண்ணு, மூக்குல ஒண்ணு, மூத்திரத்துக்கு ஒண்ணு. வலியில இழுத்து மூச்சு விட முடியாம நுரையீரலோட அடிப்பகுதி சுருங்கிக் கெடக்கும், அங்க சளி தேங்கும். சாப்பாடு இல்லாம குடல் காய்ஞ்சு கெடக்கும். ஆக கணையத்துக்கு வெளிய இன்ஃபெக்ஷன் வர்றதுக்கு கணையத்துல கிருமி இருக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல.

இது என் அனுபவம் மட்டும் இல்ல. நெதர்லாந்துல 731 பேஷன்ட்டை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2009ல வெளியிட்டாங்க, அதுல 173 பேருக்கு, அதாவது நாலுல ஒருத்தருக்கு, ஏதோ ஒரு இன்ஃபெக்ஷன் வந்துச்சு. ரத்தத்துல கிருமியோ நிமோனியாவோ வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு அது ஏழாவது நாளுக்குள்ளயே தெரிஞ்சுடுச்சு, ஆனா கணையத்துல செத்துப்போன சதையில கிருமி ஏறினது தெரிய 26 நாள் மாதிரி ஆச்சு. உங்க டாக்டர் ஒன்பதாவது நாள்ல நெஞ்சையும் ரத்தத்தையும் சந்தேகப்படுறது இதனாலதான், கணையம் அழுகிடுச்சுன்னு வீட்டுல யாராவது சொன்னா அது இவ்வளவு சீக்கிரம் நடக்கிறது குறைவுன்னு சொல்லுங்க. அதே ஆராய்ச்சியில இன்னொரு விஷயம், அதை நான் எந்த ஜூனியர் டாக்டர்கிட்டயும் சொல்லாம விட்டதில்ல: கணையத்துல சதை செத்திருந்தவங்கள்ல, ரத்தத்துல கிருமி ஏறினவங்களுக்கு பின்னால கணையத்துலயும் கிருமி பிடிச்சது நூத்துக்கு 65 பேர், ரத்தத்துல ஏறாதவங்களுக்கு 38 பேர்தான். செத்த சதை கிருமிக்கு தயாரா கெடக்கிற சாப்பாடு மாதிரி, ரத்தம் வழியா ஒரு தடவை கிருமி சுத்தி வந்தாலே போதும். அதனால "கழுத்துக் குழாயில லேசா இன்ஃபெக்ஷன்"னு யாராவது சொன்னா அதை லேசா எடுத்துக்காதீங்க.

இதை நான் ஒரு ஆளைப் பார்த்துக் கத்துக்கிட்டேன். அப்ப எனக்கு வேலையில மூணாவது வருஷம், ரங்கூனுக்கு வெளிய ஒரு ஆஸ்பத்திரி, நல்ல மழைக்காலம். நெல்லு யாவாரம் பண்ற நம்மாளு ஒருத்தர், குடியால கணையம் வீங்கி வந்தவர், ஆறு நாள் தாண்டி நல்லா தேறிக்கிட்டு இருந்தார். அவர் சம்சாரம் தினம் வந்து முகத்தைத் தொடைச்சு, ஒடம்பு எரியுதேன்னு கழுத்துல தனாக்கா மரப்பட்டையை அரைச்சுப் பூசி, நெத்தியில திருநீறு வச்சுட்டுப் போவாங்க. ஏழாவது நாள் காலைல ரவுண்ட்ஸ்ல பார்க்கிறேன், கழுத்துக் குழாய் மேல ஒட்டியிருந்த பிளாஸ்டர் வேர்வையில ஊறி கீழ் மூலை தூக்கிக்கிட்டு நிக்குது, அந்த மூலைக்குள்ள தனாக்கா காய்ஞ்சு மஞ்சளா பொடிப்பொடியா ஒட்டியிருக்கு, குழாய் தோலுக்குள்ள போற எடத்துல சுத்தி ஒரு அரிசி அகலத்துக்கு செவப்பு. சாயங்காலம் மாத்திக்கலாம்னு நெனச்சேன், அன்னைக்கு வார்டுல கூட்டம். மத்தியானம் அந்தக் குழாய் வழியா மருந்து ஏத்தி அரை மணி நேரத்துல கட்டிலே ஆடுற மாதிரி நடுக்கம் வந்துச்சு அந்த மனுஷனுக்கு. ரத்த கல்ச்சர்லயும் குழாய் நுனியிலயும் ஒரே ஸ்டாஃபைலோகாக்கஸ், தோல்ல இருக்கிற கிருமி அது. நாலாவது வாரம் கணையத்துல சீழ் கட்டி, குழாய் போட்டு எடுத்து, ரெண்டு மாசம் கழிச்சு எலும்பும் தோலுமா வீட்டுக்குப் போனார். பொழைச்சுட்டார், அது அவர் ஆயுசு. அந்தம்மா மேல எனக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்ல, அவங்க பிரியத்துல பூசினாங்க, பூசக் கூடாதுன்னு சொல்லியிருக்க வேண்டியது நான், காலைல பார்த்ததும் அஞ்சு நிமிஷம் நின்னு மாத்தியிருக்க வேண்டியதும் நான்தான். அதுலேருந்து எந்த வார்டுக்குப் போனாலும் பேஷன்ட் முகத்துக்கு அடுத்து நான் பார்க்கிறது அந்த பிளாஸ்டரோட நாலு மூலையைத்தான்.

இப்ப மாமா கேள்வி. அவர் கேக்குறது நியாயமான கேள்விதான், டாக்டருங்களே பல வருஷம் அப்படித்தான் நெனச்சாங்க. 1990கள்ல இத்தாலியில இமிபெனம்னு ஒரு பவர்ஃபுல் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்த்துட்டு நல்ல பலன்னு சொன்னாங்க, உலகம் பூரா மொத நாள்லேருந்தே ஆன்டிபயாடிக் ஓடுச்சு. அப்புறம் பேஷன்ட்டுக்கும் தெரியாம டாக்டருக்கும் தெரியாம பாதிப் பேருக்கு நெஜ மருந்து, பாதிப் பேருக்கு வெத்து மருந்துன்னு கொடுத்து ஒழுங்கா சோதிச்சாங்க, 2004ல ஜெர்மனியில சிப்ரோஃப்ளாக்ஸாசினும் மெட்ரோனிடசோலும், 2007ல அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் சேர்ந்து மெரோபெனம். ரெண்டுலயும் முன்கூட்டியே கொடுத்ததால கணையத்துல இன்ஃபெக்ஷனும் குறையல, சாவும் குறையல. அதனால இன்னைக்கு பெரிய வழிகாட்டு நெறிமுறைகள் பெரும்பாலானதுல இன்ஃபெக்ஷன் இல்லாதப்ப தடுப்புக்காக கொடுக்காதீங்கன்னுதான் இருக்கு. கொடுத்தா என்ன நஷ்டம்னு மாமா கேப்பார். லேசான கிருமியெல்லாம் செத்து எதுக்கும் சாகாத கிருமி மட்டும் குடல்லயும் தோல்லயும் தங்கிக்கும், ஒன்பதாவது நாள்ல நெஜமா நிமோனியா வர்றப்ப அந்த முரட்டுக் கிருமிதான் வரும், கையில அடுத்த மருந்து இருக்காது. கேண்டிடான்னு ஒரு பூஞ்சை ரத்தத்துல ஏறலாம், பேதி பிச்சுக்கிட்டு போக வைக்கிற சி டிஃபிசில்ங்கிற கிருமி வரலாம். மான்செஸ்டர்ல 260 பேரை வச்சு 2022ல காட்டினாங்க, நான் மேல சொன்ன புரோகால்சிடோனினைப் பார்த்துப் பார்த்து கொடுத்ததுல ஆன்டிபயாடிக் வாங்கினவங்க 63 சதவீதத்துலேருந்து 45 ஆ குறைஞ்சாங்க, அதனால இன்ஃபெக்ஷன் ஒண்ணும் கூடல. உங்க டாக்டர் மொத நாள் போடாம இருந்தது அலட்சியம் இல்ல தங்கச்சி, இப்ப கல்ச்சர் எடுத்துட்டு ஆரம்பிக்கிறதும் சரியான வரிசைதான்.

ஒரே ஒரு இடத்துல மாமா பேச்சு சரி. பித்தக் கல்லு அடைச்சதுல பித்தக் குழாய்லயே இன்ஃபெக்ஷன் வந்துட்டா, அதாவது காய்ச்சல், கண்ணு மஞ்சள், வலது பக்க மேல் வயித்துல வலி எல்லாம் சேர்ந்து இருந்தா, மொத நாள்லயே ஆன்டிபயாடிக் வேணும், 24 மணி நேரத்துக்குள்ள ஈஆர்சிபி, அதாவது வாய் வழியா கேமரா குழாய் விட்டு, அடைப்பைத் தொறக்கணும். அண்ணனுக்கு கண்ணு மஞ்சளா இருந்துச்சான்னு நீங்க எழுதல, அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க.

குடல் விஷயம் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நம்ம வீடுகள்ல இதுலதான் பெரிய தப்பு நடக்குது. கணையம் வீங்கினா வயித்தைக் காயப்போடணும்னு ஒரு பழைய நம்பிக்கை, டாக்டருங்களும் சேர்ந்துதான் அதை வளர்த்தோம். குடலோட உள் தோலுக்கு சாப்பாடு உள்ள வந்தாத்தான் உசுரு. வராம விட்டா அந்தத் தோல் மெலிஞ்சு, உள்ள இருக்கிற கோடிக்கணக்கான கிருமி செவுத்தைத் தாண்டி ரத்தத்துக்கும் செத்துப்போன கணையத்துக்கும் போயிடும். அதனால லேசான கேஸ்னா பசிச்ச உடனே கொழுப்பு கம்மியா சாப்பிடலாம், பசிக்கலன்னாலோ சாப்பிட முடியலன்னாலோ மூணு நாலு நாள் பார்த்துட்டு மூக்குக் குழாய் வழியா பால் மாதிரி சத்து திரவம் விடுவாங்க. நரம்பு வழியா சாப்பாடு ஏத்துறது வேற வழியே இல்லாதப்ப மட்டும்தான், அதுல இன்ஃபெக்ஷன் கூடும்னு நல்லாவே நிரூபிச்சிருக்காங்க. மூக்குக் குழாய் போட்டா உசுருக்கு ஆபத்துன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு அழுது அதைப் பிடுங்கச் சொன்ன குடும்பங்களைப் பார்த்திருக்கேன், தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, அந்தக் குழாயில போற சாப்பாடு பல ஊசியை விட பெரிய மருந்து.

அதுக்காக தயிர், புரோபயாடிக் பொடின்னு யாராவது சொன்னதைக் கேட்டு ஐசியூ ஆளுக்குக் கொடுத்துடாதீங்க. நெதர்லாந்துலயே நல்ல கிருமியைக் கொடுத்தா கெட்ட கிருமி அடங்கும்னு நம்பி சோதிச்சாங்க, 2008ல முடிவு வந்துச்சு, கொடுத்தவங்கள்ல 16 சதவீதம் பேர் இறந்தாங்க, கொடுக்காதவங்கள்ல 6 சதவீதம். கொடுத்த ஒன்பது பேருக்கு குடலுக்கு ரத்தம் போகாம குடலே செத்துப்போச்சு. கேக்க நல்லா இருக்கிற எல்லாமே இந்த வியாதியில நல்லது இல்லங்கிறதுக்கு இதை விட பெரிய பாடத்தை நான் பார்த்ததில்ல.

நம்ம ஊருக்கே உரிய ஒண்ணையும் சொல்லணும். 1911லயே ரங்கூன் ஜெனரல் ஆஸ்பத்திரியில விட்மோர்ங்கிற வெள்ளைக்கார டாக்டரும் அவர்கூட வேலை பார்த்த கிருஷ்ணசாமிங்கிறவரும் சேர்ந்து புதுசா ஒரு கிருமியைக் கண்டுபிடிச்சு 1912ல எழுதினாங்க, இன்னைக்கு உலகம் பூரா மெலியாய்டோசிஸ்னு சொல்ற வியாதி அதுதான். வயல் சேத்துலயும் மழைத் தண்ணியிலயும் இருக்கிற கிருமி, சுகர் உள்ளவங்களையும் குடிக்கிறவங்களையும் தேடிப் பிடிக்கும், நிமோனியாவாவோ ரத்தத்துல கிருமியாவோ வரும். அண்ணனுக்கு இதுதான்னு நான் சொல்ல வரல, ஆஸ்பத்திரியில பிடிக்கிற சாதாரண கிருமிங்கதான் ரொம்ப அதிகம். ஆனா சுகர் இருக்கிற ஆளு, மோல்மீன் மழை, சேத்துல எறங்கி வேலை பார்க்கிறவரா இருந்தா அதை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஏன்னா லேப்ல சில சமயம் அதை சூடோமோனாஸ்னு ஒரு கிருமிக் கூட்டத்தோட பேரைப் பொதுவா எழுதிட்டு விட்டுடுவாங்க, வழக்கமா போடுற செஃப்ட்ரியாக்ஸோன் அதுக்குப் பத்தாது, செஃப்டாசிடிமோ மெரோபெனமோ வேணும், அப்புறம் மூணு மாசம் மாத்திரை. அதே மாதிரி ரங்கூனுக்கு வர்றதுக்கு முன்னாடி கடையில கலந்து கட்டித் தர்ற மாத்திரைப் பொட்டலம் வாங்கிப் போட்டாரான்னும் மறைக்காம சொல்லுங்க, அதுல ஸ்டீராய்டோ ஆன்டிபயாடிக்கோ இருந்திருந்தா காய்ச்சலும் மறையும், கல்ச்சர்லயும் ஒண்ணும் வளராம ஏமாத்தும்.

நீங்க பக்கத்துல இருந்து செய்யக்கூடியது நெறைய இருக்கு. படுக்கையோட தலைப்பக்கத்தை 30லேருந்து 45 டிகிரி வரைக்கும் தூக்கி வைக்கச் சொல்லுங்க, மட்டமா படுத்திருந்தா எச்சில் நெஞ்சுக்குள்ள போகும். வலி இருக்குன்னு சொல்லத் தயங்க வேண்டாம்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க, வலி அடங்குனாத்தான் மூச்சை இழுக்க முடியும், மூச்சை இழுத்தாத்தான் நுரையீரல் விரியும், வலி மருந்து போடுறதே பாதி நிமோனியாவைத் தடுக்கிற வேலைதான். மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து கருவி கொடுத்திருந்தா ஊதக் கூடாது, உறிஞ்சணும், முழிச்சிருக்கிறப்ப மணிக்கு ஒரு தடவை பத்து இழுப்பு. வெத்தலை போடுற பழக்கம் இருந்தா வாய்க்குள்ள சந்து சந்தா கறை படிஞ்சு கெடக்கும், தினம் ரெண்டு வேளை மெத்தென்ன பிரஷ்ஷால தேய்ச்சு விடுங்க. அரை மயக்கத்துல இருக்கிறப்ப யாருக்கும் தெரியாம இளநி ஸ்பூன்ல ஊத்துறது மட்டும் வேண்டவே வேண்டாம், அது வயித்துக்குப் போகாது, நெஞ்சுக்குப் போகும்.

மூத்திரப் பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும், ஆளை பெட்டோட நகர்த்துறப்ப அதைத் தூக்கி வயித்து மேல வைக்கிற வழக்கம் உண்டு, அப்ப பையில கெடந்த மூத்திரம் திரும்பி உள்ள ஓடும். மொத ரெண்டு மூணு நாள் மணிக்கு எவ்வளவு மூத்திரம் வருதுன்னு அளக்க அந்தக் குழாய் அவசியம்தான், அப்புறம் அவர் நிலைச்சுட்டார்னா எதுக்கு இன்னும் இருக்குன்னு பணிவா கேளுங்க. கழுத்துக் குழாய்க்கும் அதே கேள்வி, இன்னைக்கும் இது தேவையா டாக்டர்னு தினம் ஒரு தடவை. கேட்டா கோவிச்சுப்பாங்களோன்னு பயப்படாதீங்க, நானா இருந்தா சந்தோஷப்படுவேன், மறந்துபோன குழாயை குடும்பம் ஞாபகப்படுத்தி எடுத்த கேஸ் எனக்கே உண்டு. திருநீறை நெத்தியோட நிறுத்திக்கங்க, கழுத்துப் பக்கம் எதுவும் வேண்டாம், தனாக்காவும் வேண்டாம். பிளாஸ்டர் ஈரமாவோ மூலை தூக்கிக்கிட்டோ இருந்தா அப்பவே சிஸ்டரைக் கூப்பிடுங்க, குழாய் வழியா மருந்து ஏத்தின கொஞ்ச நேரத்துல நடுக்கம் வந்தா அதையும் நேரத்தோட சொல்லுங்க, அந்தத் தகவல் எங்களுக்கு எக்ஸ்ரேயை விட மேல். அண்ணனைத் தொடுறதுக்கு முன்னாடியும் தொட்ட பின்னாடியும் கை கழுவுங்க, பார்க்க வர்ற பத்து பேரையும் உள்ள விடாதீங்க, மாமாவையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

சுகரை ஐசியூவுல இன்சுலின் போட்டுத்தான் பிடிப்பாங்க, கணையம் அடிபட்டதுல சுகர் இன்னும் தாறுமாறா போகும், ஏறிக்கிடந்தா இன்ஃபெக்ஷன் அடங்காது, அதனால இன்சுலினுக்கு வேண்டாம்னு சொல்லாதீங்க.

கல்ச்சர் ரிப்போர்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும். வந்ததும் டாக்டர் இப்ப போட்டிருக்கிற பெரிய மருந்தைக் குறைச்சு அந்தக் கிருமிக்குன்னு சின்னதா மாத்தினா, செலவைக் குறைக்கிறாங்க, கைவிட்டுட்டாங்கன்னு நெனச்சுடாதீங்க, நல்ல வைத்தியத்தோட அடையாளம் அது. ரிப்போர்ட்ல கேண்டிடான்னு வந்தா கழுத்துக் குழாயை எடுத்துட்டு கண்ணையும் ஒரு தடவை பரிசோதிப்பாங்க, பூஞ்சை கண்ணுலயும் போய் உக்காரும். இந்த நிமோனியா அடங்கி, மூணாவது நாலாவது வாரத்துல மறுபடி காய்ச்சல் வந்தா, அப்பத்தான் கணையத்தை சந்தேகப்படணும், சிடி ஸ்கேன்ல செத்த சதைக்குள்ள காத்துக் குமிழி தெரியுதான்னு பார்ப்பாங்க, அப்பவும் உடனே வயித்தைக் கிழிக்கிற காலம் போயிடுச்சு, முடிஞ்ச வரைக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்து நாலு வாரம் வரை தள்ளிட்டு குழாய் போட்டு வடிப்பாங்க. பித்தப்பையையும் மறந்துடாதீங்க, கல்லு உள்ளயே இருந்தா இந்தக் கூத்து திரும்பவும் வரும், லேசான கேஸ்ல அதே அட்மிஷன்லயே எடுத்துடுவாங்க, அண்ணன் மாதிரி ஐசியூ வரைக்கும் போனவங்களுக்கு வீக்கமும் தண்ணியும் வத்தினப்புறம்தான், எப்பன்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே தேதி கேட்டு வாங்கிக்கங்க.

நாளைக்குக் காலைல ரவுண்ட்ஸ்ல ரெண்டே கேள்வி கேளுங்க, எந்தெந்தக் குழாயை எடுக்கலாம், வாய் வழியாவோ மூக்கு வழியாவோ சாப்பாடு எப்ப ஆரம்பிக்கிறீங்க. கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கிருமி பேரும் எந்த மருந்துக்கு எஸ் (கேக்கும்), எதுக்கு ஆர் (கேக்காது)னு போட்டிருக்குங்கிறதும் எழுதுங்க, அதுக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்றேன்.